பால் கட்டிக்கொண்டால் பிசைய வேண்டாம்

தாய்ப்பால் கொடுக்கிற பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வீட்டில் முதலில் எடுப்பது எண்ணெய்க் கிண்ணம். அடுத்து வெந்நீர். "பால் கட்டிக்கிச்சு, நல்லா அழுத்திப் பிசைஞ்சு விடு, கரைஞ்சிடும்" என்று அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொஞ்ச காலம் முன்புவரை ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய இதையேதான் சொல்லி அனுப்பினார்கள்: சூடு வை, அழுத்தித் தேய், கடைசிச் சொட்டு வரை பாலை எடுத்துவிடு.

இப்போது அந்த யோசனை மாறிவிட்டது. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்பது தாய்ப்பால் மருத்துவத்துக்கென்றே இயங்கும் சர்வதேச மருத்துவர் அமைப்பு. அது 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அழுத்திப் பிசைவதையும் மார்பைக் காலி செய்யப் பாடுபடுவதையும் விட்டுவிடச் சொல்கிறது. சூட்டைவிடக் குளிர்ச்சிக்கே முதலிடம் தருகிறது. ஏன் இப்படித் தலைகீழாக மாறியது என்பது புரிந்துவிட்டால், நடு ராத்திரியில் கட்டி வலிக்கும்போது என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று யாரையும் கேட்காமலே ஓரளவு முடிவெடுக்கலாம். எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவரும் கூடச் சேர்ந்து படிப்பது நல்லது.

முதலில், இது எந்தக் கட்டு?

நம் ஊரில் மூன்று நான்கு வேறு வேறு தொந்தரவுகளுக்கும் பால் கட்டு என்றே பெயர். அதனால் ஒருத்திக்குச் சரியாக வந்த வைத்தியம் இன்னொருத்திக்குப் பொருந்தாமல் போகிறது.

பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், சீம்பால் மாறிப் பால் பெருகும் நேரத்தில், இரண்டு மார்பும் ஒருசேரக் கனத்து இறுகிப்போகும். கை அசைத்தால்கூட வலிக்கும். இது பெரும்பாலும் எல்லோருக்கும் கொஞ்சமாவது வருவது. குழந்தை அடிக்கடி குடித்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். இந்தச் சமயத்தில் உள்ள ஒரு சிக்கல், காம்பைச் சுற்றியிருக்கும் கருவளையமும் விறைத்துப்போய்க் குழந்தையால் கவ்வ முடியாமல் வழுக்குவது. அப்போது இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். அந்த இடத்து நீர் பின்னால் நகர்ந்து கருவளையம் இளகும். உடனே குழந்தையை வாயில் பிடிக்க வைக்கலாம்.

இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசப்போகும் அடைப்பு வேறு மாதிரி. ஒரு மார்பில், ஓர் இடத்தில் மட்டும் கட்டி இருக்கும். பட்டாணி அளவில் இருக்கலாம், எலுமிச்சை அளவிலும் இருக்கலாம். அக்குள் பக்கம் அடிக்கடி வரும். பால் கொடுப்பதற்கு முன் அதிகமாகவும் கொடுத்த பிறகு சற்றுக் குறைந்தும் வலிக்கும். காய்ச்சல் இருக்காது. மற்றபடி உடம்பு நன்றாகவே இருக்கும்.

அந்த இடம் சூடேறி, வலி பரவி, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் உடம்பு முறித்துப்போட்ட வலியும் சேர்ந்தால் அது மார்பு அழற்சி. அதுவும் கவனிக்கப்படாமல் போய்ச் சீழ் கோத்தால் சீழ்க்கட்டி. இவை தனித்தனி நோய்கள் என்பதைவிட ஒரே பாதையின் அடுத்தடுத்த கட்டங்கள் என்றுதான் இன்றைய மருத்துவர்கள் பார்க்கிறார்கள். முதல் கட்டத்தில் சரியாக நடந்துகொண்டால் பெரும்பாலும் அடுத்ததுக்குப் போகாது.

உள்ளே என்ன நடக்கிறது

பால் உறைந்து கட்டியாகி நாளத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதை அழுத்தி வெளியே தள்ளிவிட்டால் பால் பீறிட்டு வரும் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கிற படம். பிசைவது, தேய்ப்பது, சூடு வைப்பது எல்லாம் இந்தப் படத்திலிருந்து பிறந்தவை.

மார்பின் உள்ளமைப்பைப் பற்றி மருத்துவ உலகத்துக்கே சமீப காலம் வரை சரியான படம் கிடையாது என்பது கொஞ்சம் வியப்பான சங்கதி. 1840-இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இறந்துபோன பெண்களின் மார்பு நாளங்களுக்குள் வண்ண மெழுகைச் செலுத்தி, தெரிந்ததைப் படங்களாக வெளியிட்டார். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் அந்தப் படங்களையே சார்ந்திருந்தன. காம்பில் 15 முதல் 20 நாளங்கள் திறக்கின்றன, காம்புக்குப் பின்னால் பால் தேங்கி நிற்கச் சிறு பைகள் உண்டு என்றெல்லாம் அவை சொல்லின. 2005-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தார்கள். சராசரியாக 9 முக்கிய நாளங்களே தென்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம். தோலுக்கு வெகு அருகில் ஓடுபவை; லேசாக அழுத்தினாலே மூடிக்கொள்பவை. தேக்கி வைக்கும் பைகள் எதுவும் இல்லை.

இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் நாளம் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அது திறக்கவா செய்யும்?

உண்மையில் அங்கே நடப்பது வீக்கம். ஒரு வேளைப் பால் தவறிப்போய், அல்லது வெளியேறுவதைவிட அதிகமாகச் சுரந்து, பால் சுரக்கும் நுண்ணிய பைகள் ஓரிடத்தில் விரிந்து புடைக்கின்றன. சுற்றியுள்ள திசுவில் ரத்த ஓட்டம் கூடி நீர் கோக்கிறது. அந்த வீக்கம் வெளியிலிருந்து நெருக்க, நாளம் குறுகிப்போகிறது. சளி பிடித்தபோது மூக்கு அடைத்துக்கொள்கிறதே, அது மாதிரி. மூக்கை எத்தனை தடவை சிந்தினாலும் அடைப்பு விடாது, ஏனென்றால் உள்ளே சளியைவிட வீங்கிய சவ்வுதான் வழியை மறிக்கிறது. பலமாகச் சிந்தச் சிந்த எரிச்சல்தான் கூடும்.

மார்பைப் பிசைந்தாலும் அதேதான். நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கன்றிப்போகும், வீக்கம் ஏறும், நேற்று எலுமிச்சை அளவில் இருந்தது இன்று உள்ளங்கை அளவுக்குப் பரவும். "நல்லா பிசைஞ்சேன், அப்புறம்தான் காய்ச்சலே வந்தது" என்று சொல்லும் பெண்களைக் கேட்டால், அந்த 'அப்புறம்' தற்செயல் அல்ல என்று தோன்றும். மின்சாரப் பல் துலக்கியை, மசாஜ் கருவியைக் கட்டியின் மேல் வைத்து அதிர விடும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அதுவும் இதே கணக்கில்தான் சேரும். 2022 வழிகாட்டுதல் அதையும் வேண்டாம் என்கிறது.

பால் கொடுக்கும்போது சில நேரம் நூல் மாதிரியோ, சின்னக் குருணையாகவோ கெட்டியான பால் வருவதும் உண்டு. வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை விழுங்கினாலும் தீங்கில்லை.

மார்பு காலியாவதில்லை

இன்னொரு பழைய யோசனை, வலிக்கிற மார்பைச் சுத்தமாகக் காலி செய்துவிட வேண்டும் என்பது. அதற்காகக் குழந்தையை மணிக்கொரு தரம் அந்தப் பக்கமே பிடிக்க வைப்பார்கள். அது தூங்கிய பிறகு பம்ப் வைத்து உறிஞ்சுவார்கள்.

பால் சுரப்பது கேட்பைப் பொறுத்தது. எவ்வளவு வெளியே போகிறதோ அதைப் பார்த்துத்தான் உடம்பு அடுத்ததைச் சுரக்கிறது. அதே மேற்கு ஆஸ்திரேலியக் குழு அளந்து பார்த்ததில், குழந்தைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 788 கிராம் பால் குடித்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் மார்பில் இருந்த பாலில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுத்தன. மீதி உள்ளேயே இருந்தது. அதாவது காலியாவது என்பதே இயற்கையில் இல்லை. பம்ப் வைத்து மேலும் மேலும் எடுத்தால் உடம்பு, 'இன்னும் தேவை போலிருக்கிறது' என்று எண்ணி இன்னும் சுரக்கும். ஏற்கெனவே வீங்கிய இடத்தில் இன்னும் பால். ராத்திரி எடுத்தபோது இருந்த நிம்மதி காலையில் காணாமல் போவது இதனால்தான்.

இதை நேரெதிராகவும் புரிந்துகொள்ளக் கூடாது. வலிக்கிறது என்று அந்தப் பக்கம் கொடுப்பதை அடியோடு நிறுத்தினால் பால் தேங்கி நிலைமை மோசமாகும். வழக்கமாகக் குழந்தை எப்படிக் குடிக்குமோ அப்படியே குடிக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது, அல்லது வாய் வைக்கவே மாட்டேன் என்கிறது என்றால், அது குடிக்கும் அளவுக்குக் கையால் பீச்சியோ பம்ப் வைத்தோ எடுத்தால் போதும்.

முதல் நாள் என்ன செய்யலாம்

கட்டியுள்ள பக்கத்துப் பால் குழந்தைக்கு நல்லதுதான். கெட்டுப்போன பால், கட்டிய பால் என்று பீச்சிக் கீழே கொட்ட வேண்டியதில்லை. வீக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்துப் பாலில் உப்புச் சுவை கொஞ்சம் ஏறுவதால் சில குழந்தைகள் முகம் சுளிக்கும், விலகும். பிடிவாதம் பிடிக்காமல் அரைத் தூக்கத்தில் கொடுத்துப் பார்த்தால் குடித்துவிடும். வாய் வைத்த முதல் நிமிடம் தாங்க முடியாத வலி என்றால் நல்ல பக்கத்தில் ஆரம்பித்து, பால் இறங்கத் தொடங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். குழந்தையின் தாடை கட்டியைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வசதியாக இருந்தால் அப்படி வையுங்கள். அதற்காகக் கட்டிலில் மண்டியிட்டுக் குனிந்து முதுகு ஒடிய வேண்டாம்.

பிறகு குளிர்ச்சி. ஐஸ் கட்டிகளை ஒரு துண்டில் சுற்றி, காம்பை விட்டுவிட்டு, கட்டியின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தோலில் நேரடியாக வைத்தால் மரத்துப்போய்ப் புண்ணாகும், துணி கட்டாயம். இதைத் திரும்பத் திரும்ப, வலிக்கும் போதெல்லாம் செய்யலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். பச்சை உடம்புக்காரி மார்பில் ஐஸ் வைப்பதா, குழந்தைக்குச் சளி பிடிக்காதா? பிடிக்காது. பால் தாயின் ரத்தத்திலிருந்து வருவது. மேலே ஐஸ் வைத்தாலும் குழந்தை வாய்க்கு வரும்போது உடம்புச் சூட்டில்தான் வரும். சளி கிருமியால் வருவது. வெயிலில் போய்விட்டு வந்தால் சூட்டுப் பால், பீச்சிவிட்டுக் கொடு என்பதற்கும் இதே பதில்தான்.

சூடு அறவே கூடாது என்றில்லை. பால் கொடுக்கப் போகும் நேரத்தில் வெதுவெதுப்பான துணி வைத்தால் சிலருக்குப் பால் சுலபமாக இறங்கும், மனதுக்கும் இதமாக இருக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். மரத்திருக்கும் மார்பில் தோல் வெந்துபோனதுகூடத் தெரியாது.

வலி மாத்திரை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் பால் கொடுக்கும்போது சாப்பிடக் கூடியவை; பாலில் மிகச் சொற்பமே கலக்கும். ஐபுப்ரோஃபென் வலியோடு வீக்கத்தையும் குறைப்பதால் இதற்கு அதுதான் பொருத்தம். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் ஏறியவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. சிசேரியனுக்கு ஏற்கெனவே வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று அட்டையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கை சும்மா இருக்காது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. நிணநீரை, அதாவது திசுக்களுக்கிடையே கோத்திருக்கும் நீரை, வடிய வைக்கும் தடவல் என்று இதைச் சொல்லலாம். மல்லாந்து சாய்ந்துகொண்டு, கழுத்தும் காறை எலும்பும் சேரும் குழியில் விரல் நுனிகளை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகப் பத்து முறை சுற்றுங்கள். அடுத்து அக்குளில் பத்து முறை. அதற்கப்புறம் காம்பிலிருந்து அக்குளை நோக்கியும், காம்பிலிருந்து காறை எலும்பை நோக்கியும் மெதுவாக வருடிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு அழுத்தம்? மேல் தோல் மட்டும் நகர வேண்டும், அடியில் இருக்கும் சதை நகரக் கூடாது. வலித்தாலோ தோல் சிவந்தாலோ அழுத்தம் அதிகம். எண்ணெய் வேண்டியதில்லை, தடவினால்தான் திருப்தி என்றால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். திசையைக் கவனித்தீர்களா? பிசைகிறவர்கள் கட்டியிலிருந்து காம்பை நோக்கித் தள்ளுவார்கள். இது காம்பிலிருந்து வெளிப்பக்கம் போகிறது, ஏனென்றால் வடிய வேண்டியது பால் இல்லை, கோத்திருக்கும் நீர்.

மார்பைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் எங்கேயும் அழுத்தாத பிரா போட்டுக்கொள்ளுங்கள். கம்பி வைத்தது வேண்டாம். பிரசவத்துக்கு முந்தைய அளவு பிராவும் ஜாக்கெட்டும் இப்போது சேராது. தாகத்துக்குத் தண்ணீர், முடிந்தவரை படுக்கை. பாத்திரம் துலக்குவதும் வந்தவர்களுக்குக் காபி போடுவதும் இரண்டு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வலி இறங்கும். கட்டி மட்டும் இன்னும் சில நாள் கைக்குத் தட்டுப்படலாம்.

ஊசியும் மல்லிகையும்

சில சமயம் காம்பின் நுனியில் கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பால் கொப்புளம் என்பார்கள். அதைப் பார்த்ததும் ஊக்கைச் சுட்டு எடுத்துக் குத்தத் தோன்றும். குத்தாதீர்கள். அது மேலே ஒட்டியிருக்கும் மூடி அல்ல. உள்ளே நாளத்தில் இருக்கும் அழற்சி வெளியே காட்டும் முகம். குத்தினால் தழும்பாகி நாளம் இன்னும் குறுகும், கிருமியும் புகும். தொந்தரவு கொடுத்தால் டாக்டர் மேலே பூச லேசான ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார்.

கைவைத்தியங்களில் முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து மார்பில் வைப்பது உலகம் முழுக்க இருக்கிறது. குளிர்ச்சிக்கு இதமாக இருக்கும், கழுவி வைத்தால் தீங்கு இல்லை. மஞ்சள் பற்று, நாமக்கட்டிப் பற்று போன்றவை காம்புப் பக்கம் வந்தால் குழந்தையின் வாய்க்குள் போகும், விட்டுவிடலாம். கணவரை உறிஞ்சச் சொல்லும் யோசனை ஒன்று கிசுகிசுப்பாகச் சொல்லப்படுவது உண்டு. பெரியவர்கள் வாயில் இருக்கும் கிருமிகளும், அந்த இழுப்பின் பலமும் வீங்கிய இடத்துக்கு ஆகாதவை.

மல்லிகைப் பூ விஷயம்தான் முக்கியம். மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டினால் பால் கட்டு விடும் என்று நம் பக்கத்தில் செய்வார்கள். அது வெறும் நம்பிக்கை அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பால் வற்ற வேண்டிய பெண்களிடம் மல்லிகைப் பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டிலுமே குறைந்தது, மாத்திரையில் இன்னும் அதிகமாக. மார்பு இறுக்கத்தையும் பால் சுரப்பையும் குறைப்பதில் இரண்டும் சமமாகவே வேலை செய்தன. அதாவது மல்லிகை பாலை வற்றச் செய்யும் வைத்தியம். குழந்தையை இழந்த பெண்ணுக்கோ பாலை மறக்கடிக்கும் பெண்ணுக்கோ அது உதவலாம். இன்னும் கொடுக்க நினைப்பவர் மார்பில் கட்ட வேண்டாம், தலையில் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது டாக்டர்

ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால் போய்விட வேண்டும். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி, குளிர் நடுக்கம் வந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உடம்பு அடித்துப்போட்டது போல் இருந்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் அதை நம்ப வேண்டாம்.

சிவந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் எல்லாக் கையேடும் சொல்லும். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்தோ, இழுத்துப் பிடித்த மாதிரிப் பளபளப்பாகவோ இருக்கும், அவ்வளவுதான். அதனால் புறங்கையை வைத்து இரண்டு மார்பையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் கவனிக்க வேண்டும். அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிருமித் தொற்று என்று டாக்டர் முடிவு செய்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார். பெரும்பாலும் பத்திலிருந்து பதினான்கு நாள். இரண்டாம் நாளே சரியாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. அதேபோல, வெறும் வீக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதிலும் பயனில்லை; அது கிருமியைக் கொல்லும், வீக்கத்தைக் கரைக்காது. எந்த மாத்திரை எழுதினாலும் "பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பதை நிறுத்து என்று யாராவது சொன்னால் ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மார்பு அழற்சி வந்தவர்களும் தொடர்ந்து கொடுக்கலாம். திடீரென நிறுத்துவதே ஆபத்து.

அழற்சி வந்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 11 பேருக்குச் சீழ் கோக்கிறது. ஸ்கேன் பார்த்து ஊசியால் சீழை எடுத்துவிடுவார்கள், தேவைப்பட்டால் சின்னதாகக் கீறுவார்கள். அதற்குப் பிறகும் பால் கொடுக்க முடியும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அளவு மாறாமல், வலிக்காமல், இரண்டு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் நிற்கும் கட்டிக்கு ஸ்கேன் அவசியம். பால் கட்டுதானே என்று எல்லாக் கட்டியையும் பாலின் கணக்கில் எழுதிவிடுவது சரியில்லை. பால் கொடுக்கும் பெண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம், அபூர்வமாக.

தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104 என்ற இலவச எண் இருக்கிறது. கிராமத்தில் என்றால் தடுப்பூசிக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் தயங்காமல் காட்டலாம்.

ஏன் வந்தது, மறுபடி வருமா

யார் கண்ணோ பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவதில் தப்பில்லை, ஆனால் முந்தின நாளை ஒரு தரம் நினைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் இது அதிகம் வரும். குழந்தை திடீரென ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கும். அல்லது குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப் போய், வேனில் உறவினர் கூட்டத்துக்கு நடுவே பால் கொடுக்கக் கூச்சப்பட்டு, இரண்டு வேளை தள்ளிப்போயிருக்கும். அப்படிப் பயணம் இருந்தால், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் தொடங்கிய தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருக்கின்றனவா என்று இறங்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். தோள் பையின் பட்டை, குழந்தையைச் சுமக்கும் பையின் வார், குப்புறப் படுத்துத் தூங்கியது, இறுக்கமான ஜாக்கெட் ஆகியவையும் காரணமாகலாம்.

குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடித்தால் பால் சரியாக இறங்காது. கருவளையத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது, கொடுத்து முடித்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனை போலச் சப்பையாக இருக்கிறது என்றால் கவ்வுவது சரியில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டிய விஷயம் இது. குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லலாம்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: தேவைக்கு மேல் பால். பால் ஊறட்டும் என்று பூண்டு, சுறாப்புட்டு, கருவாடு, கூடவே கடையில் விற்கும் பால் பெருக்கும் பவுடர் என்று எல்லாம் ஒன்றாகப் போகும் வீடுகள் இருக்கின்றன. சாப்பாடாகப் பூண்டும் மீனும் நல்லதே. ஆனால் குழந்தை ஒழுங்காக எடை ஏறிக்கொண்டிருக்கும்போது, ஃப்ரீசரில் சேமிக்க வேண்டும் என்று தினமும் பம்ப் வைத்துக் கூடுதலாக எடுத்து, அதற்கு மேல் பவுடரும் குடித்தால் மார்புக்கு ஓய்வே இல்லை. மாதம் ஒரு தரம் பால் கட்டுகிறது என்று வருபவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குச் சில டாக்டர்கள் லெசித்தின் மாத்திரை தருகிறார்கள். உதவுகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அழுத்தமான ஆதாரம் இன்னும் குறைவு.

வேலைக்குத் திரும்புபவர்கள், முதல் நாளே எட்டு மணி நேரம் இடைவெளி விடாமல், இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் வேளைகளை ஒவ்வொன்றாகப் பழக்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதான். பம்பின் புனல் உங்கள் காம்பின் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். சின்னப் புனல் நாளத்தை நெரிக்கும், பெரியது கருவளையத்தையே உள்ளே இழுக்கும். பாலை மறக்கடிப்பதும் இப்படித்தான்: ஒரு வேளையை நிறுத்தி, மார்பு பழகச் சில நாள் விட்டு, அடுத்த வேளைக்குப் போவது. வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை அழுவதோடு மார்பும் கட்டிக்கொள்ளும்.

கட்டி கரைந்த பிறகு அந்தப் பக்கம் சில நாள் பால் கொஞ்சம் குறைவாகத் தெரியும். பால் வற்றிவிட்டது என்று பயந்து பவுடர் பாலுக்கு ஓட வேண்டாம். குழந்தை வழக்கம்போலக் குடிக்கக் குடிக்க ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். அதுவரை ஒரு மார்பு கொஞ்சம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.